கண்புரை அறுவைக்கான பிளேடு வடிவமைப்பு: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

கண் அறுவைக் கருவிகளை வடிவமைக்க வரும் இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் எஃகிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்தக் கலவை, எவ்வளவு கடினத்தன்மை, விளிம்பு எத்தனை டிகிரி என்ற கேள்விகள் வரிசையாக வரும். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால், அந்தப் பிளேடு கண்ணில் எப்படிப்பட்ட காயத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அவற்றுக்குப் பொருள் உண்டாகும். இன்றைய கண்புரை அறுவையில் காயம் பெரும்பாலும் தையல் இல்லாமல், கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே தானாக மூடிக்கொள்கிறது. அப்படி மூடிக்கொள்ளும் காயத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் உண்டாக்கித் தருவதுதான் உங்கள் தயாரிப்பு. பிளேடு அதற்கான வழி. இக்கட்டுரை கண்புரை அறுவையில் பயன்படும், ஒரு முறை பயன்படுத்திக் கழிக்கும் எஃகுப் பிளேடுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செல்கிறது.

முதலில் திசுவைப் படியுங்கள்

கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது; துல்லியமாகச் சொன்னால் பெரும்பாலோருக்கு 540 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தடிமன் கூடும். இதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா எனப்படும் கொலாஜன் அடுக்குகள். அவை மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் படிந்திருப்பதால், பிளேடு அந்த ஏடுகளுக்கு இடையே சறுக்கிச் செல்லும்போது ஒருவகை எதிர்ப்பையும், அவற்றைக் குறுக்கே வெட்டும்போது வேறுவகை எதிர்ப்பையும் உணரும். ஸ்ட்ரோமாவுக்கு உட்புறம் டெஸ்மே படலம், அதன் உட்பரப்பில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியம் செல்கள். கருவிழியிலிருந்து நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை இந்தச் செல்களே. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் 2,500 முதல் 3,000 வரை இருக்கும் இவை அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை நிரப்புகின்றன, அவ்வளவுதான். மழுங்கிய பிளேடு டெஸ்மே படலத்தை வெட்டாமல் தள்ளினால் அது ஸ்ட்ரோமாவிலிருந்து பிரிந்து சுருண்டுவிடும். அறுவையாளர்கள் அஞ்சும் சிக்கல்களில் இது ஒன்று.

கருவிழிக்கும், அதன் பின்னுள்ள நிற வளையமான ஐரிசுக்கும் இடையே உள்ள முன்னறையின் ஆழம் நடுவில் சுமார் 3 மி.மீ. மட்டுமே. அதன் பின்னே இயற்கை லென்ஸின் உறை இருக்கிறது. அதன் முன்பகுதி பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமன், பின்பகுதியின் நடுவில் மூன்று நான்கு மைக்ரான்தான். இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். கருவிழியைத் துளைக்க அதிக விசை தேவைப்படும் பிளேடு, எதிர்ப்பு திடீரென்று விட்டுப்போகும் கணத்தில் முன்னே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலுக்கு இருக்கும் இடம் இந்த 3 மி.மீ. தான். கூர்மை என்பது கண் அறுவையில் வசதிக்காக வேண்டப்படுவதல்ல என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

எந்தப் பிளேடு என்பதை முடிவு செய்யுங்கள்

ஒரு கண்புரை அறுவைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுகள் தேவைப்படும். கண்புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேக்கோ முறையில் முதன்மைக் கீறலுக்கு 2.2 முதல் 2.8 மி.மீ. அகலமுள்ள, கெரடோம் எனப்படும் முக்கோண முனைப் பிளேடும், இரண்டாவது கருவி நுழையும் பக்கத்துளைக்கு 15 டிகிரி பிளேடோ எம்.வி.ஆர். எனப்படும் குறுகலான கூர்முனைப் பிளேடோ பயன்படும். இந்தியாவிலும் நேபாளத்திலும் பெருமளவில் செய்யப்படும், கைக்கருவிகளாலேயே சிறு கீறல் வழியாகக் கண்புரையை எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். முறையில் இவற்றோடு வட்டமான முன்விளிம்புள்ள கிரசன்ட் பிளேடும் சேரும். அந்த முறையில், கருவிழியின் ஓரமான லிம்பசுக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. பின்னால், கண்ணின் வெள்ளைப் பகுதியான வெண்படலத்தில் ஆறு மி.மீ. அளவில் பாதித் தடிமனுக்கு ஒரு கீறல் போடுவார்கள். பிறகு கிரசன்ட் பிளேடால் அங்கிருந்து தெளிவான கருவிழிக்குள் ஒரு மி.மீ.க்கு மேல் செல்லும்வரை சுரங்கம் போலப் பிரித்துச் சென்று, இறுதியாகக் கெரடோமால் முன்னறைக்குள் நுழைவார்கள். உள்வாய் வெளிவாயைவிட அகலமாக இருக்கும். உள்ளழுத்தம் அந்த உள் உதட்டை மேல்நோக்கி அழுத்துவதால் காயம் அடைபடுகிறது.

புதிதாக வருபவருக்கு நான் கிரசன்டையே முதலில் பரிந்துரைப்பேன். கெரடோமின் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். கிரசன்ட் பிளேடோ திசுவுக்குள்ளேயே இடமும் வலமும் சுழன்று வேலை செய்வதால், வடிவமைப்பின் ஒவ்வொரு குறையும் அதில் வெளிப்பட்டுவிடும். சுரங்கத்தில் செல்லும்போது பிளேடின் நிழல் வெண்படலத்தின் ஊடாக மங்கலாகத் தெரிந்தால் ஆழம் சரி. உலோகத்தின் பளபளப்பே தெளிவாகத் தெரிந்தால் மேலோட்டமாகப் போகிறது என்று பொருள், இன்னும் சற்றுச் சென்றால் கூரையில் ஓட்டை விழும். எதுவுமே தெரியவில்லை என்றால் ஆழமாகிவிட்டது, நேரத்துக்கு முன்பே முன்னறைக்குள் நுழைந்துவிட வாய்ப்புண்டு. பிளேடின் மேற்பரப்புப் பூச்சு, தடிமன், வளைவு ஆகிய மூன்றும் அறுவையாளர் இந்தக் குறிப்பைப் படிப்பதற்கு உதவ வேண்டும்.

அறுவை அரங்கில் நின்று பாருங்கள்

வரைபடம் தொடங்கும் முன் அனுமதி பெற்று அரங்கில் நின்று, உதவியாளருக்கான நுண்ணோக்கி வழியாகவோ திரையிலோ பல அறுவைகளைப் பாருங்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவரையும், பயிற்சியில் இருப்பவரையும் பாருங்கள்; பிந்தையவரின் கையில்தான் பிளேடின் தவறுகள் பெரிதாகத் தெரியும். பிளேடு நுழையும் முன் கருவிழி எவ்வளவு குழிகிறது, நுழையும்போது கண் எந்தப் பக்கம் திரும்புகிறது, வெளியே எடுக்கும்போது காயத்தின் உதடு பிளேடோடு இழுபடுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவையாளரிடம் “இந்தப் பிளேடு கூர்மையாக இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது” என்பார், அதனால் பயன் இல்லை. “நேற்று பிரித்த பெட்டிக்கும் இன்று பிரித்த பெட்டிக்கும் கையில் வேறுபாடு தெரிந்ததா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் நீண்ட விடை வரும். அனுபவமுள்ள கை, பழகிய பிளேடின் எதிர்ப்புக்கு ஏற்பத் தன் விசையை அளந்து வைத்திருக்கிறது. ஒரு பிளேடு வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தாலும், மழுங்கலாக இருந்தாலும் அந்த அளவு பிசகிவிடும். ஆகவே மிக உயர்ந்த கூர்மையைவிட, ஆயிரம் பிளேடுகளிலும் மாறாத கூர்மையே மதிப்பு மிக்கது என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் படிகள் யாவும் அதை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை.

அகலத்தைக் கணக்கிடுங்கள்

காயத்தின் வழியாக எந்தக் கருவி செல்லப்போகிறது என்பதிலிருந்து பிளேடின் அகலம் பிறக்கிறது. கீறல் என்பது இரண்டு உதடுகள் கொண்ட ஒரு கோடு. அதில் உருளைக் கருவி நுழையும்போது கோடு திறந்து வட்டமாகிறது. திசு சற்றும் நீளாது என்று கொண்டால், கீறலின் அகலத்தைப்போல் இருமடங்கு, கருவியின் சுற்றளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். 0.9 மி.மீ. விட்டமுள்ள கருவியின் சுற்றளவு சுமார் 2.83 மி.மீ.; எனவே கீறல் சுமார் 1.4 மி.மீ. திசு ஓரளவு நீளும் என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவும் போதும். ஆனால் மிகவும் குறைத்தால் கருவி திசுவை நசுக்கிக் கிழிக்கும், கிழிந்த மூலை சரியாக மூடாது. மிகவும் கூட்டினால் அறுவையின்போதே நீர் கசிந்து முன்னறை சரியும். ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே உணரப்படும். எனவே அகலத்துக்கான ஏற்கத்தக்க மாறுபாட்டை நூறில் சில பங்குக்குள் வைத்துத்தான் வரைபடத்தில் எழுத வேண்டும்.

அகலம் பார்வையையும் பாதிக்கும். கீறல் பெரிதாகப் பெரிதாகக் கருவிழியின் வளைவு மாறி சிலிண்டர் பவர் கூடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் 1747-இல் கண்புரையைக் கண்ணுக்கு வெளியே எடுத்தபோது கருவிழியின் கீழ்ப்பாதியையே வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப 1860-களில் குறுகலான, நீண்ட ஒரு கத்தியை வடிவமைத்து, நேர்கோட்டை ஒட்டிய கீறலால் அதே வேலையைச் செய்தார். காயத்தின் உதடுகள் நன்றாகப் பொருந்தின. 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்த பிறகு கீறல் மேலும் சுருங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிய காயத்துக்கு ஏற்பப் புதிய கத்தி பிறந்திருக்கிறது.

முனை, தோள், சாய்வு

கெரடோமை மேலிருந்து பார்த்தால் முனையிலிருந்து விரிந்து செல்லும் முக்கோணம், அது முடியும் இடத்தில் இரு தோள்கள், பிறகு இணையான பக்கங்கள். வெட்டுவது முக்கோணத்தின் இரு விளிம்புகளே. தோளுக்குப் பின்னுள்ள பக்கங்கள் கூராக இருக்கக் கூடாது. இருந்தால் கை பக்கவாட்டில் சற்று அசைந்தாலே கீறல் அகன்றுவிடும். முனைக்கோணம் குறுகலாக இருந்தால் நுழைவு எளிது, ஆனால் முழு அகலத்தையும் எட்டுவதற்குள் முனை முன்னறையில் வெகுதூரம் சென்றிருக்கும். விரிவாக இருந்தால் நீளம் குறையும், விசை கூடும். முன்னறையின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் உள்வாயைக் கடக்கும்போது முனை எங்கே இருக்கும் என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள். இந்த ஒரு படம் பல வாதங்களைத் தீர்த்துவைக்கும்.

விளிம்பின் சாய்வு ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இரு பக்கமும் இருக்கலாம். தச்சரின் உளியை நினைத்துக்கொள்ளுங்கள்: சாய்வு மேலே இருக்குமாறு பிடித்துத் தள்ளினால் அது மரத்துக்குள் இறங்கப் பார்க்கும், புரட்டிப் பிடித்தால் மேலேறப் பார்க்கும். பிளேடும் அப்படியே, சாய்வுள்ள பக்கத்திலிருந்து விலகித் தட்டையான பக்கத்தை நோக்கிச் செல்லும் போக்குடையது. இரு பக்கச் சாய்வுள்ள கெரடோம் கை காட்டும் திசையில் நேராகச் செல்லும். கிரசன்டில் பொதுவாகச் சாய்வு மேற்புறம் மட்டும் இருக்கும். தட்டையான அடிப்பாகம் சுரங்கத்தின் தரையில் படிந்து, அறுவையாளருக்கு ஒரே ஏட்டில் நிற்க ஆதாரம் தருகிறது. அதே நேரத்தில் கீழே இறங்கும் அதன் போக்கைக் கை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்பதால், சாய்வுக்கோணம் பிளேடுக்குப் பிளேடு மாறினால் சுரங்கத்தின் ஆழமும் மாறிவிடும். வட்டமான முன்விளிம்பு முழுவதிலும் சாய்வு ஒரே கோணத்தில் இருப்பதை உறுதிசெய்வதுதான் கிரசன்ட் தயாரிப்பின் கடினமான பகுதி.

எஃகும் வெப்பப் பதமும்

வைரம், சிலிக்கான், எஃகு என மூன்று வழிகள் உள்ளன. வைரத்தின் விளிம்பைப் பல பத்து நானோமீட்டர் அளவுக்கும் கீழே தீட்ட முடியும். ரஷ்யாவில் கண் மருத்துவர் ஃபியோதரோவ் 1970-களில் பரப்பிய, கிட்டப்பார்வையைத் திருத்தக் கருவிழியில் ஆரங்கள் போலக் கீறும் ஆரக்கீறல் அறுவையில் அளவுகாட்டி பொருத்திய வைரக்கத்திகள் புகழ்பெற்றன. ஆனால் விலை மிகுதி, ஒரு முறை தவறி இடித்தாலும் முனை உடையும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டும். சிலிக்கான் படிகத்தைச் செதுக்கி உருவாக்கும் பிளேடுகள் சீரானவை, ஆனால் நொறுங்கக்கூடியவை. எண்ணிக்கையில் பெரும்பங்கு எஃகுக்கே.

தேவைப்படுவது வெப்பப் பதத்தால் கடினமாக்கக்கூடிய மார்டென்சிடிக் வகைத் துருப்பிடிக்கா எஃகு. கரிமம் கூடினால் கடினத்தன்மை கூடும் என்று எண்ணி 440சி போன்ற உயர்கரிம வகையைப் புதியவர்கள் தேர்ந்தெடுப்பதுண்டு. அதில் உள்ள கார்பைடு மணிகள், அதாவது கரிமமும் உலோகமும் சேர்ந்த கடினத் துகள்கள், பெரியவை. விளிம்பின் தடிமனைவிடப் பெரிய மணி ஒன்று விளிம்பில் அமைந்தால், சாணை பிடிக்கும்போது அது பெயர்ந்து அங்கே ஒரு பள்ளம் விழும். இதைவிட, 0.6 முதல் 0.7 விழுக்காடு கரிமமும் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியமும் கொண்ட, சவர பிளேடுகளுக்கு உரிய நுண்மணி எஃகு மிகவும் ஏற்றது. 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி விரைவாகக் குளிர்வித்து, பூச்சியத்துக்குக் கீழே 70 டிகிரி அளவில் உறைய வைத்து, பிறகு தாழ்ந்த வெப்பத்தில் பதப்படுத்தினால் கடினத்தன்மைக்கான ராக்வெல் சி அளவில் ஐம்பதுகளின் பிற்பகுதியை எட்டலாம். உறையவைக்கும் படியைச் செலவு கருதி விட்டுவிடாதீர்கள். மாறாமல் எஞ்சும் மென்மையான எஃகு அமைப்பான ஆஸ்டெனைட்டால் கடினத்தன்மை இடத்துக்கு இடம் வேறுபடும்.

கெரடோமும் கிரசன்டும் கைப்பிடிக்குச் சற்று முன்னே ஏறக்குறைய 45 டிகிரி வளைந்திருப்பது வழக்கம். நெற்றியும் புருவமும் இடிக்காமல் பிளேடைக் கண்ணின் பரப்புக்கு இணையாகக் கொண்டுவர அது உதவுகிறது. கடினமாக்கிய எஃகை வளைத்தால் மடிப்பில் நுண்விரிசல் விழலாம். வளைப்பது கடினமாக்கும் முன்னா பின்னா, பின்னென்றால் அந்த இடத்தை மட்டும் எப்படி இளக்குவது என்பதை வரைபடக் கட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.

விளிம்பை உருவாக்குதல்

மெல்லிய பட்டையிலிருந்து வடிவத்தை அழுத்தி வெட்டியோ, வேதிமுறையில் அரித்தோ எடுத்து, கடினமாக்கி, படிப்படியாக நுண்மையான சாணைக்கற்களில் சாய்வை உருவாக்க வேண்டும். சாணை முடிந்ததும் விளிம்பில் ஒரு மெல்லிய பிசிறு சுருண்டு நிற்கும். அது கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் கூர்மையான பிளேடு போலவே தோன்றும். ஆனால் திசுவில் முதல் அரை மி.மீ. போனதும் மடங்கிவிடும், உடைந்தால் உலோகத்துகள் கண்ணுக்குள் தங்கிவிடும். மின்வேதி மெருகேற்றல் இந்தப் பிசிறைக் கரைத்துவிடும். நேரம் சற்றுக் கூடினால் விளிம்பையும் சேர்த்துக் கரைத்து மழுக்கும். கரைசலின் வெப்பம், மின்னோட்டம், நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்து கட்டுப்படுத்தாத ஆலையில், வாரத் தொடக்கத்துப் பிளேடும் வாரக் கடைசிப் பிளேடும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. மேற்பரப்புக்கு மங்கலான பூச்சு கொடுங்கள். நுண்ணோக்கியின் விளக்கொளி பளபளப்பான உலோகத்தில் பட்டுத் திரும்பினால் அறுவையாளரின் பார்வை கூசும்.

கைப்பிடி

இதைச் சிறிய வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மதுரையில் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையில், தன் கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட கருவிகளைக் கொண்டே அறுவை செய்யப் பழகினார். பிடி கைக்குப் பொருந்தினால் எவ்வளவு சாத்தியம் என்பதற்கு அது போதும். கிரசன்டை விரல்களுக்கு இடையே உருட்டித்தான் இயக்குகிறார்கள் என்பதால் பிடி உருண்டையாகவோ பல பட்டையாகவோ இருக்க வேண்டும். ஈரக் கையுறையில் வழுக்காத நுண்வரிகள் வேண்டும். பிளேடின் அச்சும் பிடியின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அளவைக் குறிக்கும் நிறம் மங்கிய அறை வெளிச்சத்திலும் வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

சோதனை

மெல்லிய பாலியூரிதேன் படலத்தை இழுத்துக் கட்டி, மாறாத வேகத்தில் பிளேடைச் செலுத்தி, விசையை வரைபடமாகப் பதிவுசெய்யுங்கள். கெரடோமில் முனை துளைக்கும்போது ஒரு மேடும், தோள் கடக்கும்போது இன்னொரு மேடும் தெரியும். முதல் மேடு முனையின் தரத்தைச் சொல்கிறது. இரண்டாவது மேடு பெரிதாக இருந்தால் தோளுக்கருகே சாணை சரியாகப் படவில்லை. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். முப்பது பிளேடுகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அவற்றின் விரிவைப் பாருங்கள். அதன் பிறகே ஆட்டுக் கண்ணுக்குச் செல்லுங்கள். இறந்த கண் தளர்ந்திருக்கும், கருவிழி நீர் ஊறித் தடித்திருக்கும்; எனவே அன்றைய கண்ணையே வாங்கி, உள்ளே நீர்மம் செலுத்தி அழுத்தத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே வெட்ட வேண்டும். கீறலுக்குப் பின் பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள்.

சுத்தம், பொதி, உரிமம்

கூர்மையில் எந்தக் குறையும் இல்லாத பிளேடும் கண்ணைக் கெடுக்கக்கூடும். மெருகுப்பொருளின் எச்சம், சோப்பு, நீரில் உள்ள பாக்டீரிய நச்சு ஆகியவை முன்னறைக்குள் சென்றால் டாஸ் எனப்படும் கடும் அழற்சி வரும். கிருமியே இல்லாமல், அறுவைக்கு அடுத்த நாளுக்குள் கருவிழி வீங்கி வெளுத்துவிடும். கிருமிநீக்கம் இதைத் தடுக்காது. இறுதிக் கழுவலுக்குத் தூயநீரைப் பயன்படுத்தி, எச்சத்தை அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் பிடியுள்ள பிளேடுகளுக்குப் பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயு பயன்படுவதால், பொதிக்குள் எஞ்சும் வாயு வெளியேறக் காலம் கொடுக்க வேண்டும். பொதியில் விளிம்பு எதையும் தொடக் கூடாது. லாரியில் நெடுந்தொலைவு குலுங்கிச் சென்ற பெட்டியைத் திறந்து விசைச் சோதனையை மீண்டும் நடத்துங்கள்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் கருவிகள் ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை வகைப்படுத்தப்படுகின்றன. உங்கள் பிளேடு எந்த வகை என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, அபாய ஆய்வுக்கு ஐ.எஸ்.ஓ. 14971 ஆகிய இரண்டையும் முதல் வரைபடத்தோடு சேர்த்தே தொடங்குங்கள். பின்னால் எழுதிச் சேர்க்கும் ஆவணங்கள் வடிவமைப்பைத் திருத்த உதவுவதில்லை. மதுரையிலேயே 1992 முதல் இயங்கும், அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் தொடங்கிப் பின்னர் பிளேடுகளையும் தயாரிக்கத் தொடங்கியது. தரத்தையும் குறைந்த விலையையும் சேர்த்தே எட்ட முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு அது.

விற்பனை தொடங்கிய பின், குறை சொல்லப்படும் ஒவ்வொரு பிளேடையும் உரிய பாதுகாப்போடு தொகுதி எண்ணுடன் திரும்பப் பெற ஏற்பாடு செய்யுங்கள். அதே தொகுதியிலிருந்து ஒதுக்கி வைத்த பிளேடுகளையும் அதனோடு நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். குறை ஒரு பிளேடில் மட்டுமா, தொகுதி முழுவதுமா என்பது தெரிந்த பிறகே சாணையில் எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய முடியும்.